தலையணைக்கு அடியில் ஐந்து கல்

ஜூன் 3, செவ்வாய்

பிசியோ தம்பி ஆரோன் சொன்னதால் எழுதுகிறேன். "அக்கா, தெனமும் அண்ணன் என்ன சாப்பிட்டாரு, கை எவ்வளவு அசைஞ்சுச்சு, என்ன பேசுனாருன்னு ஒரு டைரியில எழுதி வைங்க. டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றான். அங்கன்வாடியில் நான் எழுதுகிற பதிவேடுகள் போதாது என்று வீட்டிலும் ஒன்று.

டாக்டர் அவர்களுக்கு: என் பெயர் தங்கமாரி. விருதுநகரில் அங்கன்வாடி டீச்சர். நோயாளி என் வீட்டுக்காரர் சீனிராஜ், வயது நாற்பத்தாறு, பரோட்டா மாஸ்டர். சும்மா மாஸ்டர் இல்லை. மதுரை ரோட்டில் அவர் நிற்கிற கடை முன்னால் சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாவை வீசி மேலே விட்டுவிட்டு, அது இறங்குவதற்குள் வெந்து கிடக்கிற பரோட்டாக்களை ஒரே அள்ளாக அள்ளித் தட்டில் போட்டுவிடுவார். கண் தெருவில் இருக்கும். மாவைப் பார்க்கவே மாட்டார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், "சாத்தூர்ல ஒரு பாய்கிட்ட" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பங்குனிப் பொங்கல் கூட்டத்தில், அடுப்பு முன்னால் நிற்கும்போதே வலது கை தொங்கிப்போனது. பக்கவாதம் என்றார்கள். இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம்: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதையே கத்துகிறார். இருபது வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாத மனுஷன். இப்போது அது ஒன்றுதான் வாயில் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்று: இட்லி இரண்டு. கை அசையவில்லை. பேச்சு: சரி.

ஜூன் 5, வியாழன்

கடை முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷருக்கும் கடை ஓட வேண்டும் அல்லவா.

"ஆடி வரைக்கும் டல்லாத்தான் இருக்கும்மா. ஒரு பயல வச்சு ஓட்டிக்கிறேன். ஆவணி பொறந்தா முகூர்த்தம், கூட்டம். அப்பயும் மாஸ்டருக்கு முடியலன்னா, தூத்துக்குடியில ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருக்கேன். தப்பா நெனைக்காதீங்க."

இவர் ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். முதலாளி சம்மதம் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனார். அவர் போன பிறகு இவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அதையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பரோட்டாக் கல் முன்னால் இன்னொருத்தர் நிற்பதைப் பார்த்தால் இவர் உயிரோடு இருப்பாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 8, ஞாயிறு

என் நாத்தனார் சண்முகக்கனி கோவில்பட்டியிலிருந்து வந்தார். ஆறு வருஷம் கழித்து. இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் ஜோதி பெரிய மனுஷியானபோது முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். அவருக்கு பஸ் கிடைக்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது. எதிர்வீட்டு மாடத்தி அக்காவை ஊற்றச் சொன்னேன். வேறு என்ன செய்ய? நல்ல நேரம் யாருக்காகவாவது காத்திருக்குமா? அன்று வாசலோடு திரும்பிப் போனவர்தான்.

இன்றும் என்னிடம் "நல்லாருக்கியா" என்று ஒரு சொல். நேராகத் தம்பி கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி போடப் போனேன். உள்ளே இருக்கும்போது அறையிலிருந்து ஒரு சத்தம். கிளுக், கிளுக் என்று. அப்புறம், பொய் சொல்லவில்லை, இவர் சிரிக்கிற சத்தம். டம்ளரோடு ஓடி வந்தால், அக்காக்காரி தம்பியின் கையை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் கப்சிப்.

"வர்றேன்டா தம்பி. பத்திரமா வச்சுக்கோ" என்று எழுந்துவிட்டார். என்னத்தைப் பத்திரமாக? காப்பியைத் தொடவில்லை. ஆறிப்போய் நான்தான் குடித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பூரி மூன்று. முகம் தெளிவு. நான் அறைக்குள் போனால் இடது கை போர்வைக்குள் ஓடி ஒளிகிறது. "என்னது அது?" "சரி." "என்கிட்டயே மறைக்கிறீகளா?" "சரி சரி."

ஜூன் 12, வியாழன்

ஆரோன் குதிக்காத குறை. வலது கட்டை விரல் தானாக உள்ளே மடங்குகிறதாம். "அக்கா, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான். முருங்கைக்கீரை சூப் என்று சொன்னேன். பராசக்தி மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டதையும் சொன்னேன். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சூப்பை இரண்டு வேளையாக்கினேன்.

ஜூன் 14, சனி

இந்தப் பக்கம் டாக்டருக்கு இல்லை.

தலையணை உறையைத் துவைக்க உருவினேன். உள்ளேயிருந்து ஒரு முடிச்சு விழுந்தது. மஞ்சள் ஏறிப்போன பழைய சிவப்புத் துணி. அவிழ்த்தால் ஐந்து கல். வழுவழுவென்று, உருண்டையாக, கறுப்பாக. ஆற்றில் கிடக்கிற கல் மாதிரியும் இல்லை, ரோட்டுக் கல் மாதிரியும் இல்லை. இவர் குளியலறையில் இருந்தார்.

மாடத்தி அக்காவிடம் காட்டினேன். அவர் கையால்கூடத் தொடவில்லை. "அய்யய்யோ, செவப்புத் துணியில முடிஞ்சு தலமாட்டுல வச்சிருக்கான்னா வேற என்னத்த இருக்கும்? யாரு வந்துட்டுப் போனா? ஒன் நாத்துனாதான? சடங்கு வீட்டுல சபையில அவமானப்பட்டவ சும்மா இருப்பாளா? செய்வினைடி தங்கமாரி."

நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. வெறும் கல் என்றால் ஒளிப்பானேன்? நல்ல எண்ணத்தோடு கொடுத்தது என்றால் என் முன்னால் கொடுத்திருக்கலாமே?

ஊர்க் கடைசிக் கண்மாய்க்குப் போய், முடிச்சோடு வீசினேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மாடத்தி அக்கா அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

தேடுகிறார். தலையணையைக் கிழித்துப் பஞ்சை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்து விழுந்தார். "என்னத்தத் தேடுறீக?" என்றால் "சரி! சரி! சரி!" என்று கத்தல். கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்து மூடி மூடித் திறந்து காட்டுகிறார். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இட்லி பாதி.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடவில்லை. பயிற்சிக்கு ஆரோன் கொண்டுவந்த பச்சை நிறப் பசை உருண்டையைச் சுவரில் எறிந்தார். மாடத்தி அக்கா சொல்கிறார்: "செய்வினைய எறக்குனா கொஞ்ச நாள் அப்பிடித்தான் படுத்தும். போகப் போக அடங்கிரும்." அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால் எப்படி என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆரோன்தான் சொன்னான்: "அவரு தொழிலையே கையில குடுத்துப் பாருங்கக்கா. கை பழசை ஞாபகம் வச்சிருக்கும்." சரியென்று மைதா மாவு பிசைந்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து, உருண்டை பிடித்துப் பலகையில் வைத்தேன். பரோட்டா மாஸ்டர் பெண்டாட்டிக்கு மாவு பிசையத் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள்.

உருண்டையைப் பார்த்தார். வலது கையை நான் தூக்கி அதன்மேல் வைத்தேன். விரல் ஒன்றுகூட அசையவில்லை. இடது கையால் பலகையோடு தள்ளிவிட்டார். மாவு தரையில் விழுந்து மண் ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு செய்றேன், ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்திவிட்டேன். "சரி" என்றார், மெதுவாக. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அந்த மாவை என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டுக்குப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

கட்டை விரல் மடங்கவில்லை. ஆரோன் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு வாரம் முன்னாடி நல்லா வந்துச்சேக்கா. அப்ப இருந்த ஏதோ ஒண்ணு இப்ப இல்ல. சாப்பாடா, மருந்தா, யாராச்சும் வந்துட்டுப் போனாங்களா?" டைரியைக் கேட்டான். கொடுத்தேன். பதினான்காம் தேதிப் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டுத்தான் கொடுத்தேன். அது என் சொந்த விஷயம்.

சூப்பை மூன்று வேளையாக்கினேன். இவர் குமட்டுகிறார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சென்டரில் அம்மாக்கள் கூட்டம். மேற்பார்வையாளர் அம்மாவும் வந்திருந்தார். கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எம்பிள்ளைக்கு ஏபிசிடி எழுதச் சொல்லிக் குடுங்க. எந்நேரமும் களிமண்ண உருட்டிக்கிட்டே கெடக்கான்" என்றாள்.

நான் விடவில்லை. "களிமண்ண உருட்டுற வெரலுதாம்மா நாளைக்குப் பென்சில் புடிக்கும். வெளையாட்டச் சின்னதா நெனைக்காதீங்க. டாக்டர் கையா இருந்தாலும் தச்சர் கையா இருந்தாலும் எல்லாம் அஞ்சு வயசுல மண்ணுலயும் தண்ணியிலயும் படிச்ச பாடந்தான். சின்ன வயசுல கை படிச்சது சாகுற வரைக்கும் மறக்காது" என்று ஒரு பிடி பிடித்தேன். மேற்பார்வையாளர் அம்மா கை தட்டினார். பதினெட்டு வருஷமாகச் சொல்கிற வசனம், எனக்குத் தூக்கத்திலும் வரும்.

கை தட்டல் ஓய்ந்ததும் வராண்டாவில் ஒரு சத்தம். கிளுக். கிளுக்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தங்கச்சியைக் கூட்டிப்போக வந்தது, தனியாக உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளி, இறங்குகிற கல்லையும் சேர்த்துப் பிடிக்கிற ஆட்டம். கண் முழுவதும் மேலே போன கல்லில். கீழே கை பாட்டுக்குத் தடவி அள்ளுகிறது.

குட்டிப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும் என்று கல்லை வாங்கிக்கொண்டேன். என் கையில் இருந்தது. ஐந்து.

ஒன்றும் புரியவில்லை. தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

சென்டர் முடிந்து கண்மாய்ப் பக்கம் போனேன், சும்மா காற்று வாங்க. தண்ணீர் வற்றி வெறும் சேறு. ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. காலில் கருவேல முள். தேடியது ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நாத்தனாருக்குப் போன் போட்டேன். மருந்து விஷயமாகப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன்.

"மதினி, அவுக சின்னப்புள்ளையில என்ன வெளையாடுவாக? பிசியோ தம்பி கேட்டுச்சு."

"ஏன், அவன்ட்ட குடுத்துட்டு வந்தேனே. தட்டாங்கல்லு. நீ பாக்கலையா?"

"இல்லையே மதினி. எங்கயாச்சும் விழுந்திருக்கும்."

"அஞ்சும் விழுந்துச்சா? எங்கம்மா சேலக் கிழிசல்ல முடிஞ்சுல்ல குடுத்தேன்."

நான் இருமினேன். அவர் மேலே கேட்கவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

"எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிரும். இவன மடியில வச்சுக்கிட்டேதான் ஆடுவேன். நடக்கப் படிக்கும்போதே கல்லுல கைய வச்சுட்டான். ஏழு வயசுல தெருவுல ஒரு பொம்பளப்புள்ள அவங்கூட ஆட வராது. ஜெயிக்க முடியாதுல்ல? இருக்கிற ஆட்டம் பத்தாதுன்னு புதுசு புதுசா அவனே கண்டுபிடிப்பான். கல்ல மேல போட்டுட்டுக் கையத் தட்டிட்டு அள்ளுறது, கண்ண மூடிக்கிட்டு அள்ளுறது, ரோட்டுல போறவன வேடிக்க பாத்துக்கிட்டே அள்ளுறது. எங்கய்யா ஒரு நாளு பாத்துட்டாரு. பொட்டப்புள்ள ஆட்டமாடா ஆடுறன்னு வெளக்குமாத்தாலயே வெளுத்து, கல்ல எல்லாம் வாறுகால்ல வீசிட்டாரு. மறுநாளு நான்தான் சாக்கடைக்குள்ள கைய விட்டுத் தேடி எடுத்தேன். இத்தன வருசம் எங்கிட்டதான் இருந்துச்சு."

வாறுகாலில் வீசினாராம். நான் கண்மாயில்.

"அப்புறம் அவன் ஆடவே இல்ல தங்கமாரி. வளந்து சாத்தூர்ல பரோட்டாக் கடைக்கு எச்சித் தட்டு கழுவப் போனான். அந்த பாய் ஒரு நாளு, மாவ வீசிப் பாருடான்னாராம். மொத வீச்சுலயே விரிஞ்சிருச்சு. எங்கடா கத்துக்கிட்டன்னு பாயே அசந்துட்டாராம். இவன் வாயத் தொறக்கல. எங்கிட்ட மட்டும் வந்து சொன்னான்: 'எக்கா, தட்டாங்கல்லுதான்க்கா. கல்லுக்குப் பதிலா மாவு.'"

"என்கிட்ட இத்தன வருசத்துல சொல்லவே இல்லையே மதினி."

"ஆம்பள, பொண்டாட்டிட்ட போயிச் சொல்லுவானாக்கும்? நீ சிரிச்சிருவன்னு பயந்திருப்பான். அதான் நானும் ஒனக்குத் தெரியாமக் குடுத்தேன்."

போனை வைத்த பிறகும் கோபம் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் களிமண் உருட்டுவதைப் பற்றி அவ்வளவு பேசுகிறவளிடம், இந்த மனுஷன் இதை மறைத்திருக்கிறார். நான் சிரித்திருப்பேனா? மாட்டேன். சிரித்திருப்பேனோ?

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்காமலே, "அன்னைக்குச் சடங்குல..." என்று ஆரம்பித்தேன். "பஸ்ஸ நிறுத்தாமப் போனவனச் சொல்லணும்" என்று முடித்துவிட்டார்.

ஜூலை 5, சனி

பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள். ஜல்லிக் குவியலில் ஐந்து பொறுக்கி வந்து, துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டு உரசினேன். மாலை முழுவதும் போனது. விரல் நுனி தேய்ந்து எரிகிறது. முனை மழுங்கியதே தவிர அந்த வழுவழுப்பு வரவில்லை. மாடத்தி அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி அரைக்கிற?" என்றார். "மசாலா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் வந்தார். கல்லைக் கொடுத்து, "தேடிப் பாத்தேன் மதினி, கெடச்சிருச்சு" என்றேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றின் முனையையும் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். என் விரல் நுனியையும் பார்த்தார்.

"காப்பி போடு" என்றார். போட்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இவரைத் தரையில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தோம். கல்லைக் கண்டதும் நிமிர்ந்தார். நாத்தனார் எதிரே சம்மணம் போட்டு, இவருடைய வலது கையைத் தூக்கித் தரையில் கவிழ்த்து வைத்து, புறங்கையில் ஒரு கல்லை வைத்தார். "கீழ போடாம வச்சுக்க பாப்போம்." விழுந்தது. மறுபடி வைத்தார். விழுந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை கல் சரியப் போகும்போது கை கொஞ்சம் சாய்ந்து அதைத் தாங்கியது. நான் பார்த்தேன். கல்தான் ஆடியதோ என்றும் சந்தேகம். மறுபடி சரிந்தது. மறுபடி தாங்கியது.

"இப்ப நான் ஆடுறேன், நீ பாரு" என்று நாத்தனார் கல்லைப் பரப்பினார். அறுபதை நெருங்குகிற பொம்பளை. முட்டியில் வாதம். ஆனால் கல் மேலே போனதும் முகம் மாறிவிட்டது. ஒன்று ஒன்றாக அள்ளினார். அடுத்து இரண்டு இரண்டாக. பக்கத்துக் கல் அலுங்கக்கூடாது, அதுதான் ஆட்டத்தின் சட்டமாம். மூன்றாவது சுற்றில் அள்ளும்போது, சுண்டு விரலால் ஓரத்துக் கல்லை லேசாகத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மேலே போட்ட கல்லைப் பிடித்தார். நான் கவனித்தேன். பெரியவர் ஆச்சே என்று பேசாமல் இருந்தேன்.

"கள்ளாட்டம்!"

யார் கத்தியது என்று நான் வாசலைப் பார்த்தேன். நிஜமாகவே வாசலைத்தான் பார்த்தேன். இந்தக் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

இவர்தான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "கள்ளாட்டம்!" என்று மறுபடி.

"யாருடா கள்ளாட்டம்? நானாடா?" நாத்தனார் விடவில்லை. கண்ணிலிருந்து கொட்டுகிறது, குரலில் சண்டை. "எங்கடா அலுங்குச்சு? காட்டுறா பாப்போம்!"

இவர் வலது கை தரையில் ஊர்ந்தது. தோளிலிருந்து இழுத்து இழுத்து, தள்ளிப்போன கல்லின் மேல் போய் விழுந்தது. கட்டை விரலும் அடுத்த விரலும் அதைப் பிடித்தன. பிடித்து, முன்பு இருந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தன.

"பாத்தியா தங்கமாரி, பாவி இப்பயும் கண்டுபிடிச்சிட்டான்" என்று நாத்தனார் என் மேல் சாய்ந்து அழுதார். ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ, இவர் மட்டும் எரிச்சலோடு தரையைத் தட்டினார். தன் முறை வந்துவிட்டதாம், ஆட்டத்தை விட்டுவிட்டு என்ன அழுகையாம்.

இன்று: பரோட்டா இரண்டு, கடையில் வாங்கியது. ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வீச்சு சரியில்லை போல.

ஜூலை 10, வியாழன்

ஆரோன் கையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சூப்பா அக்கா?" என்றான். "ஆமா" என்றேன். நாத்தனார் உள்ளேயிருந்து சிரித்தார். ஒரு மாதம் இங்கேதான் இருக்கப்போகிறார்.

ஜூலை 19, சனி

புதுச் சொற்கள்: அவுட்டு. எடு. போடா. (போடா ஆரோனுக்கு.) என் பெயர் இன்னும் வரவில்லை. கேட்கவில்லை, சும்மா எழுதுகிறேன்.

ஜூலை 31, வியாழன்

மாடத்தி அக்கா வந்து பார்த்து, "பாத்தியா, எடுத்து எறிஞ்சதும் சரியாப்போச்சு!" என்றார். நாத்தனார் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது. இவரும் அங்கேதான் இருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பலகையை இவரே இழுத்து வைத்தார். நான் மாவு பிசைந்தேன். இடது கையால் அடித்துப் பரப்பி, வலது கையை அடியில் கொடுத்து, ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு வீசினார். மாவு நேராகப் போய் ஜன்னல் திரையில் ஒட்டிக்கொண்டது. நாத்தனார், "அவுட்டு!" என்றார். அடுத்தது தரையில். அதற்கடுத்தது பலகையிலேயே, ஒரு பக்கம் மெல்லிசாக, ஒரு பக்கம் தடிமனாக, நாய் கடித்த மாதிரி விரிந்தது. விரிந்தது என்பதுதான் விஷயம். வீசும்போது இவர் கண் எங்கே இருந்தது என்று பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெருவில் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

முதலாளி வந்தார். தூத்துக்குடி மாஸ்டர் நேற்றே சேர்ந்துவிட்டாராம். இவர் மாவுப் பலகையை முன்னால் இழுத்தார். நான்கு வீசினார். இரண்டு கிழிந்தது. இரண்டு நன்றாக வந்தது. முதலாளி தலையைச் சொறிந்தார். "அவரு பாட்டுக்கு நிக்கட்டும் மாஸ்டர். நீங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து ஓரத்துக் கல்லுல நில்லுங்க. கூட்டம் கேக்குது ஒங்கள" என்றார். இவர் யோசித்தார். ஓரத்துக் கல். இருபத்தைந்து வருஷம் நடுக்கல்லில் நின்றவர். "சரி" என்றார். இந்த முறை அது சரிதான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

நாத்தனார் மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீடு வெறிச்சென்று இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்து, ஐந்து கல்லையும் என் முன்னால் போட்டார். ஆடு என்று சைகை.

எனக்கு ஆடத் தெரியாது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் படி படி என்றுதான் சொல்வார்கள். ஒரு கல்லை மேலே போட்டேன். அது என் தலையிலேயே விழுந்தது. சிரித்தார். சத்தமாக, முழுசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம் கீழே கிடந்த ஒரு கல்லை வலது கையால், மெதுவாக, இரண்டு விரலில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நான் உரசி மழுக்கிய முனையைக் கட்டை விரலால் தடவினார். தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். தலையணையைக் கிழித்த அன்று பார்த்த அதே பார்வையா, வேறு பார்வையா, எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் இந்தக் கல்லில் ஆடினாரா?

"தங்கமாரி" என்றார்.

மார்ச் மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. நான் நிமிர்வதற்குள் அடுத்த சொல்லும் வந்தது.

"கள்ளாட்டம்."

"சரி" என்றேன்.